பத்தாவது கேள்விக்கு ஒரு தாய் ‘ஆமாம்’ என்றால்?

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பிரசவம் முடிந்த தாய்மார்களின் மனச்சோர்வைப் பற்றி எடின்பரோ படிவத்தில் உள்ள 10 கேள்விகளைக் கேட்பதுதான் என் ஆய்வு. ஊசியில்லை, மருந்தில்லை. அப்படியும் ஆய்வில் பங்கேற்பவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி அதை முழுக் கூட்டத்தில் வைத்து, திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டது. வெறும் கேள்விக்கு எதற்கு இவ்வளவு? – வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, தீசிஸ் தேதி நெருங்கும்போது இப்படி ஒரு கடிதம் வந்தால் யாருக்கும் மனம் சோர்ந்துதான் போகும். ஆனால் அந்தப் பத்தாவது கேள்வியை ஒருமுறை படித்துப் பாருங்கள். கடந்த 7 நாட்களில் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. ஒரு தாய் தலைகுனிந்தபடி ‘ஆமாம்’ என்கிறாள். படிவத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட முடியுமா? அன்றே யாரிடம் சொல்வீர்கள், எந்த மனநல மருத்துவர் பார்ப்பார் என்பதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுத வேண்டும்.

ஐ.சி.எம்.ஆர். எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல், கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படுபவர்களாகச் சொல்கிறது. அதனால்தான் முழுக் கூட்டம். அங்கே டாக்டர்களோடு ஒரு வழக்கறிஞர், ஒரு சமூகவியலாளர், மருத்துவத் துறையைச் சாராத ஒரு சாமானியர் எல்லாரும் இருப்பார்கள். கமிட்டியின் தலைவர் அந்த நிறுவனத்தைச் சாராத வெளி ஆளாக இருக்க வேண்டும். தாய்மார்களுக்கு ஆய்வை விளக்கும் உங்கள் தமிழ்த் தகவல் தாளை அந்தச் சாமானியர் படித்துப் பார்ப்பார். ‘தன்னார்வப் பங்கேற்பு’ என்று எழுதியிருந்தால், ‘உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும் சேரலாம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகினாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது’ என்று மாற்றிவிடுங்கள்.

இதைவிட முக்கியமானது, சம்மதம் யார் கேட்பது என்பது. காலையில் தையலைப் பார்த்து மருந்து வைத்த சிஸ்டரே மதியம் படிவத்தை நீட்டினால், எந்தத் தாய்க்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வரும்? 2009-10இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்ட திட்டத்தில், பல படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பெரியவர்கள் சொன்னால் மறுக்க முடியாத இடத்தில் வாங்கும் கையெழுத்தை நான் சம்மதம் என்று ஏற்க மாட்டேன். ஆகவே அந்த வார்டில் வேலை பார்க்காத ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய் என்றால், ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் படித்துக் காட்டி, கைரேகை வாங்குங்கள். பிரதி ஒன்று அவர் கையில் இருக்கட்டும்.

அப்புறம், கட்டில் பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருப்பார். அவர் காதில் விழும்படி இந்தக் கேள்விகளைக் கேட்டால் உண்மையான பதில் வராது, அந்தப் பெண்ணுக்கு வீட்டில் சிக்கலும் வரலாம். தனி அறை ஒன்றுக்கு இப்போதே அனுமதி வாங்கிவிடுங்கள்.

கமிட்டியின் ஒவ்வொரு குறிப்பையும் எழுதி, அதற்கு நேரே உங்கள் பதிலையும் பக்க எண்ணையும் போட்டு அனுப்பினால் வேலை சீக்கிரம் நகரும். ஒன்றே ஒன்று: அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு தாயிடமும் படிவத்தை நீட்டாதீர்கள். முன்னாலேயே கேட்டு வைத்ததற்குப் பின்தேதியிட்டு அனுமதி தரமாட்டார்கள்.