கண்ணாடிக்குத் தலையாட்டியது யார்?

கேள்வி: மூன்று வருடமாக வெளிநாட்டில் இருக்கிறேன். எந்த சலூனுக்குப் போனாலும் தலையைக் கெடுத்துத்தான் அனுப்புகிறார்கள். போன வாரம் ‘மூன்று’ என்றேன், கிட்டத்தட்ட மொட்டையே அடித்துவிட்டார். நம் முடியை வெட்ட இவர்களுக்கு ஏன் தெரியவில்லை? இனி ஊருக்கு வரும்போது மட்டும் வெட்டிக்கொள்ளலாமா?

பதில்: அவருக்கு வெட்டத் தெரிந்திருக்கிறது. நீங்கள் கேட்டதைத்தான் வெட்டியிருக்கிறார். மிஷினில் மாட்டும் சீப்புகளின் நம்பர் அங்குலக் கணக்கில் வந்தது. ஒரு நம்பருக்கு அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3 மி.மீ. நம்பர் 3 என்றால் 10 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் மில்லிமீட்டரிலேயே பேசுகிற சலூன்களும் உண்டு. அங்கே போய் மொட்டையாக ‘மூன்று’ என்றால் 3 மி.மீ.தான் மிஞ்சும். உங்கள் கணக்கில் அது நம்பர் 1. அநேகமாக இதுதான் நடந்திருக்கும்.

சரி, ஊரில் என்ன சொல்லிவிட்டு நாற்காலியில் உட்காருவீர்கள்? ஒன்றுமே சொல்லியிருக்க மாட்டீர்கள். அவர் வருடக்கணக்கில் உங்கள் தலையைப் பிடித்தவர். உச்சிச் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது, காதோரத்தில் எவ்வளவு குறைத்தால் முடி ஈர்க்குச்சி மாதிரி நிமிர்ந்து நிற்கும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. புதியவரிடம் அதையெல்லாம் நீங்களே சொல்லியாக வேண்டும் என்று வந்ததும் வார்த்தை கிடைக்காமல், ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

முடித்ததும் பிடரிக்குப் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டியிருப்பாரே, அப்போது என்ன செய்தீர்கள்? ‘நன்றாக இருக்கிறது’ என்று தலையாட்டியிருப்பீர்கள். (நானும் ஆட்டியிருக்கிறேன். அந்தக் கண்ணாடிக்கு எதிரே வாய் திறந்த வீரரை நான் இன்னும் சந்திக்கவில்லை.) மூன்று வருடமாகத் தலையாட்டிவிட்டு வந்து எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

அடுத்த முறை ஊரில் வெட்டிக்கொண்டதும் முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மூன்று படம் எடுத்துவையுங்கள். உங்கள் தலையைத்தான். நடிகர் படத்தை நீட்டினால், அவருக்குச் சுருட்டையும் உங்களுக்குக் கம்பியுமாக இருக்கும்போது பாவம் அந்த மனிதர் என்ன செய்வார்? மில்லிமீட்டரைச் சொல்லுங்கள். முதலில் பெரிய சீப்பை மாட்டச் சொல்லுங்கள், போதவில்லை என்றால் இன்னும் குறைக்கலாம். அப்புறம், ஒவ்வொரு முறையும் கோபித்துக்கொண்டு சலூனை மாற்றாமல் ஒருவரிடமே நாலைந்து தடவை போங்கள். ஊர்க்காரரும் முதல் நாளிலேயே உங்கள் சுழியைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். போன வாரம் போனது ஏறக்குறைய 7 மி.மீ., இன்னும் இரண்டே வாரத்தில் வந்துவிடும். இல்லை, ஊருக்கு வரும்வரை கத்தரியே படக்கூடாது என்றால் உங்கள் இஷ்டம். வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவீர்கள் என்றால் கணக்கு 12 செ.மீ. விமான நிலையத்தில் பாஸ்போர்ட் படத்தையும் உங்களையும் மாறி மாறிப் பார்ப்பார்கள், கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள்.