வலி மாத்திரை: சாப்பிட்டுவிட்டுப் போட்டால் போதுமா?

சாப்பிட்ட பிறகுதான் டைக்ளோஃபினாக் போடுகிறேன். அல்சர் வராதுதானே?

வரலாம். நிறைய பேர் இதை நம்பித்தான் மாதக்கணக்கில் போடுகிறார்கள், எனக்கு அதுதான் கவலை. வலியையும் வீக்கத்தையும் தூண்டுகிற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உருவாவதை இந்த மாத்திரைகள் தடுக்கின்றன, ஆனால் இரைப்பையின் உள்சுவரை அமிலத்திலிருந்து காப்பாற்றுவதும் அதே பொருள்தான். மருந்து ரத்தத்தில் கலந்த பிறகே இந்தத் தடுப்பு நடப்பதால், சாப்பிட்டுவிட்டுப் போட்டால் எரிச்சல் குறையலாமே தவிர புண் வரும் ஆபத்து போய்விடாது. ஊசியாகப் போட்டாலும் அப்படித்தான். முன்பே அல்சர் வந்தவர்கள், 65 வயதைத் தாண்டியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு மாத்திரையில் வலி அடங்கவில்லை. வேறு பெயரில் இன்னொன்று போடலாமா?

முதலில் அட்டையைத் திருப்பி, பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். இப்யூபுரூஃபன், நாப்ராக்சென், அசிக்ளோஃபினாக், மெஃபனமிக் அமிலம் எல்லாம் டைக்ளோஃபினாக்கோடு ஒரே குடும்பம். இரண்டைச் சேர்த்தால் பக்கவிளைவுதான் ஏறும். பாராசிட்டமால் வேறு வகை, பெரும்பாலானவர்கள் சேர்த்துப் போடலாம். ஆனால் சளி மாத்திரையிலும் பல கூட்டு மாத்திரைகளிலும் அது ஏற்கெனவே இருக்கும், அதையும் கணக்கில் சேர்த்து பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் கோளாறு இருந்தால் அந்த அளவே அதிகம்.

பிரஷருக்கு இரண்டு மாத்திரை எடுக்கிறேன், ஒன்று சிறுநீர் பிரிவதற்கானது. முழங்கால் வலிக்கு இப்யூபுரூஃபன் போடலாமா?

நீங்களாகப் போடாதீர்கள். சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் போய்க்கொண்டிருக்கவும் புரோஸ்டாகிளாண்டின் வேண்டும். எனலாப்ரில், லோசார்டன் போன்ற ஒரு பிரஷர் மாத்திரையும் சிறுநீர் மாத்திரையும் எடுப்பவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம், வாந்தி பேதியால் உடம்பு வற்றியிருக்கும் நாட்களில் இன்னும் மோசம். பிரஷரும் ஏறும்.

அப்போ ஜெல்?

முழங்கால், கை மூட்டுக்கு நல்ல வழி. ரத்தத்தில் கலப்பது மாத்திரையைவிட மிகக் குறைவு. ஆனாலும் உங்கள் பிரஷர் மாத்திரைகளைச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தடவுங்கள். வெட்டுக்காயத்தின் மேல் வேண்டாம்.

ஆறு மாதக் கர்ப்பம், இடுப்பு வலி தாங்கவில்லை.

டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் குடும்பத்து மாத்திரைகள் வேண்டாம்மா. 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு பனிக்குட நீர் குறையலாம். பாராசிட்டமால் எவ்வளவு, எத்தனை நாள் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். தெரியாமல் ஒன்றிரண்டு போட்டிருந்தால் பதற வேண்டாம், நிறுத்திவிட்டு இன்றே அவருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.