டயாலிசிஸில் இருக்கும் அப்பாவுக்கு மலம் கறுப்பாகப் போகிறது, இரும்புச்சத்து மாத்திரைதான் காரணமா?

வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ், இதயத்துக்காக ஆஸ்பிரின், இரண்டு நாளாக மலம் கறுப்பு, கொஞ்சம் தலைசுற்றல். "மாத்திரையாலதான், அடுத்த டயாலிசிஸ் அன்னைக்கு டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்" என்று வீட்டில் சொல்கிறார்கள், அது போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாதுங்க. கறுப்பு மலம் வயிற்றுக்குள் ரத்தம் கசிவதாலும் இருக்கலாம். இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நான் டாக்டர் இல்லை, டயாலிசிஸ் டெக்னீஷியன். ஆனால் இந்த விஷயத்தில் நோயாளியை மெஷினில் போடுவதற்கு முன்பு எங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய தகவல் இது. காரணம் ஹெப்பாரின். குழாயிலும் ஃபில்டரிலும் ரத்தம் உறையாமல் இருக்க, அந்த நாலு மணி நேரமும் பெரும்பாலும் ஹெப்பாரின் போகும். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிற ஆளுக்கு அதையே கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மலத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு, பாதி டயாலிசிஸில் பிபி சரிந்த பிறகு வாய் திறக்கிறவர்கள் நிறைய.

முதலில் மாத்திரை விஷயம். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், உண்மைதான். அது பெரும்பாலும் பச்சை கலந்த கறுப்பு, வழக்கம்போல உருவாகத்தான் போகும். ரத்தம் செரித்து வருவது தார் மாதிரி பளபளப்பாக, பிசுபிசுவென்று இருக்கும், தண்ணீர் ஊற்றினாலும் சட்டென்று போகாது. நாற்றமே வேறு. இன்னொன்றையும் பாருங்கள்: டயாலிசிஸில் இருக்கும் பலருக்கு இரும்புச்சத்து மாத்திரையாக இல்லாமல் ஊசியாக மெஷின் வழியாகவே போகிறது. ஊசியால் மலம் கறுக்காது. அப்பாவுக்கு எது போகிறது என்று ஃபைலில் பாருங்கள். எப்படியிருந்தாலும் கண்ணால் பார்த்து வீட்டில் தீர்ப்புச் சொல்லும் காரியமில்லை இது.

கிட்னிக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்கள் ரிப்போர்ட்டில் 2 லட்சம் என்று இருக்கும், எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். எண்ணிக்கை சரி, வேலைதான் சரியில்லை. சிறுநீரில் வெளியேற வேண்டிய கழிவுகள் ரத்தத்தில் தங்குவதால் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் திறன் குறைகிறது. ரத்தசோகை இதை இன்னும் மோசமாக்கும். சிவப்பணுக்கள் போதுமான அளவு இருந்தால்தான் பிளேட்லெட்டுகள் ரத்தக்குழாயின் சுவர் பக்கமாகத் தள்ளப்படும். அதனால் ஹீமோகுளோபின் குறையக் குறையக் கசிவு நிற்பது கஷ்டம், கசியக் கசிய ஹீமோகுளோபின் இன்னும் குறையும்.

இதற்கு மேல், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகள். அதற்கும் மேல் மூட்டுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மாத்திரை. "கிட்னிதான் போயிடுச்சே, இனி வலி மாத்திரை என்ன பண்ணிடும்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். வயிற்றைப் புண்ணாக்கும். மிச்சமிருக்கிற கொஞ்ச நஞ்சச் சிறுநீரையும் நிறுத்திவிடும்.

எண்டோஸ்கோபி செய்தால் குடற்புண்ணோ இரைப்பை அரிப்போ தெரியலாம். கிட்னி நோயாளிகளிடம் அதிகமாகக் காணப்படும் இன்னொன்று, குடல் சுவரில் வீங்கிய மெல்லிய ரத்தக்குழாய்கள். ஆஞ்சியோடிஸ்பிளேசியா என்பார்கள். வலியே இருக்காது, விட்டு விட்டுக் கசியும். எண்டோஸ்கோபி மூலமாகவே ஆர்கான் வாயு வைத்துச் சுட்டு அடைப்பார்கள், ஆனாலும் வேறோர் இடத்தில் திரும்ப வரலாம். ரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபாய்டின் ஊசி ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் ஏறவே இல்லை என்றால் டாக்டர்கள் இதையும் சந்தேகிப்பார்கள்.

பயந்துபோய் டயாலிசிஸையே தள்ளிப்போடாதீர்கள். கழிவு வெளியேறினால்தான் பிளேட்லெட் ஓரளவு வேலை செய்யும். குடலில் தேங்கிய ரத்தம் செரிக்கும்போது யூரியாவும் ஏறும், பொட்டாசியமும் ஏறலாம். ஹெப்பாரின் இல்லாமலே டயாலிசிஸ் செய்ய முடியும். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை சலைன் விட்டு ஃபில்டரை அலசிக்கொண்டே இருப்போம். சில சமயம் ஃபில்டர் உறைந்து மாற்ற வேண்டிவரும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். டெஸ்மோப்ரெஸின் என்ற ஊசியும் உண்டு. யூரியா ஏறியவர்களுக்கு இது ரத்தம் நிற்கும் நேரத்தைக் குறைக்கிறது என்று 1983-இல் இத்தாலிய மருத்துவர்கள் காட்டினார்கள். ஒரு மணி நேரத்தில் வேலை செய்யும், சில மணி நேரம்தான் தாங்கும், அடுத்தடுத்துப் போட்டால் பலன் குறைந்துவிடும்.

ரத்தம் ஏற்ற வேண்டுமென்றால், முடிந்தால் டயாலிசிஸ் ஓடும்போதே ஏற்றுவது நல்லது. கூடுதல் நீரையும் பொட்டாசியத்தையும் மெஷினே எடுத்துவிடும். அப்பா மாற்று சிறுநீரகத்துக்குப் பதிவு செய்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏற்றும் ரத்தத்தால் உடலில் எதிர்ப்பொருள் உருவாகி, பிறகு பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பது சிரமமாகலாம். அதனால் வெள்ளையணு நீக்கிய ரத்தம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

"வயிறு எரியுது" என்று வீட்டிலிருக்கும் ஆன்டாசிட் சிரப்பை ஊற்றிக் கொடுக்காதீர்கள். பலவற்றில் அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கின்றன, கிட்னி வேலை செய்யாதபோது இரண்டும் உடம்பில் சேரும். சுக்ரால்ஃபேட்டிலும் அலுமினியம் உண்டு. ஆஸ்பிரினையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட் வைத்திருந்தால் அது வேறு ஆபத்து. அடுத்த வேளை மாத்திரைக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்.

ரத்த வாந்தியோ காபித்தூள் கலந்த மாதிரி வாந்தியோ வந்தால், மயக்கம், வியர்வை, நெஞ்சுவலி இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். நாடி சாதாரணமாகத்தான் அடிக்கிறது என்று நம்பி உட்கார வேண்டாம். நாடித் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தம் போனாலும் நாடி வேகமாகாமல் இருக்கலாம். எண்டோஸ்கோபி தேவைப்படலாம் என்பதால் கிளம்பும்போது சாப்பிடவும் கொடுக்காதீர்கள்.

மாத்திரைச் சீட்டையும், கடைசியாக ஹெப்பாரின் எப்போது போனது என்று தெரியும் டயாலிசிஸ் சார்ட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். கேஷுவால்டியில் அவசரத்தில் எந்தக் கை கிடைக்கிறதோ அதில் ஊசி குத்தப் பார்ப்பார்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இருக்கும் கையில் ஊசியும் வேண்டாம், பிபி பட்டையும் வேண்டாம் என்று பக்கத்தில் நின்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.