ஓதம் ஏறிய சுவரில் ஓவியம்: நீர்த்தடுப்புப் பூச்சுக்குப் பணம் கொடுக்கும் முன்

கேள்வி: குளச்சலில் கடற்கரையை ஒட்டிய வீட்டில் வசிக்கிறோம். பொழுதுபோக்காக ஓவியம் பழகிய நான், கடந்த மார்ச் மாதம் முன்னறைச் சுவரில் தரையிலிருந்து ஆளுயரத்துக்குத் தாமரைக் கொடியும் மயிலும் கேரளச் சுவரோவிய பாணியில் அக்ரிலிக் வண்ணத்தால் வரைந்தேன். ஆடி மழைக்குப் பின் அடிப்பகுதி முழுவதும் வெள்ளைப் பொடி பூத்து, வண்ணம் கொப்புளம் கட்டி உதிர்கிறது. ஓவியத்தின் மேலேயே நீர்த்தடுப்புப் பூச்சு அடித்து, பட்டி பார்த்துத் தந்தால் மறுபடி வரையலாம் என்று ஒப்பந்தக்காரர் ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? பத்மநாபபுரம் அரண்மனையில் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இன்றும் நிற்கும்போது, என்னுடையது ஒரு மழைக்குக்கூடத் தாங்காதது ஏன்?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணமும் வேண்டாம்.

நீங்கள் வாங்கிய வண்ணத்தின் மீதோ உங்கள் கைவேலையின் மீதோ குற்றமில்லை. அதைவிட விலை உயர்ந்த வண்ணமாக இருந்தாலும் இதே கதிதான் நேர்ந்திருக்கும். அந்த வெள்ளைப் பொடி உப்பு. மண்ணிலுள்ள ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு செங்கல்லின் நுண்துளைகள் வழியாக ஏறத்தாழ மூன்று அடி உயரம் வரை ஏறுகிறது. சுவரின் முகப்புக்கு வந்ததும் நீர் ஆவியாகிவிட, உப்பு அங்கேயே தங்கிப் படிகமாக வளர்கிறது. அக்ரிலிக் வண்ணம் காய்ந்தால் மெல்லிய பிளாஸ்டிக் தோலாகிவிடும் என்பதால், அடியில் வளரும் படிகம் அந்தத் தோலை நெம்பித் தூக்குகிறது. கொப்புளம் ஒன்றை நகத்தால் மெல்லக் கீறிப் பாருங்கள்: வண்ணத்தின் பின்பக்கத்தில் பஞ்சுபோல் உப்பு ஒட்டியிருக்கும், அதற்கடியில் காரை விரலில் மாவாக உதிரும். கடலோர வீடுகளில் இன்னொரு தொல்லை, ஏற்கெனவே படிந்த உப்பு மழைக்காலக் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு சுவரை ஓதமாகவே, அதாவது ஈரம் ஊறியபடியே, வைத்திருப்பது.

இந்த நிலையில் முன்பக்கம் நீர்த்தடுப்புப் பூச்சு அடிப்பது புண்ணுக்குப் புனுகு பூசும் வேலை. ஈரம் வெளியேறும் வழி அடைபடுவதால் அது இன்னும் மேலே ஏறும். இப்போது தாமரையோடு நிற்கும் சேதம் அடுத்த மழையில் மயிலுக்கும் போய்ச் சேரும். இதை அறியாமல் சொல்பவர்களும் உண்டு. அறிந்தே சொல்பவர்களும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குறைவில்லை. பெயிண்ட் வாளிகளோடு பெயிண்டருக்கென்று டோக்கனோ, கைப்பேசியில் ஸ்கேன் செய்யும் குறியீடோ வருவதும், அது அவருக்குப் பணமாவதும் ஊரறிந்த செய்தி. வாளி கூடக்கூட அந்த வரவும் கூடும் என்கிற ஏற்பாட்டில், ‘இந்தச் சுவருக்கு இப்போது பூச்சே வேண்டாம்’ என்று யார் சொல்வார்கள்? உத்தரவாத அட்டையை நம்பியும் இறங்காதீர்கள். அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தில், சுவர்க் கசிவாலும் ஓதத்தாலும் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்ற வரி பெரும்பாலும் இருக்கும்; கடலோரத்தில் வீடு வைத்திருப்பவர் பயந்து வாங்குவதே அந்தச் சேதத்துக்காகத்தான். அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையே போட வேண்டிய ஈரத்தடுப்பு அடுக்கை, அதாவது கொத்தனார்கள் டிபிசி என்பதை, மிச்சம் பிடிப்பதற்காக விட்டுவிட்டு வீடு கட்டி விற்பவர்களை யாரும் கேள்வி கேட்பதில்லை. கட்டும்போது சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு, குடியிருப்பவர்கள் காலமெல்லாம் பெயிண்ட் கடைக்குப் படியளக்கிறார்கள்.

முதலில் ஒரு சோதனை. ஓர் அடிக்கு ஓர் அடி அளவுள்ள பிளாஸ்டிக் தாளை, உதிர்ந்த இடத்தைத் துடைத்து, நான்கு விளிம்பிலும் டேப்பால் இறுக ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அடுத்து வெளிப்புறம் போய்ப் பாருங்கள்: சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி இருக்கிறதா, முற்றத்து மண் வீட்டுத் தரையைவிட உயர்ந்து நிற்கிறதா, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா? இவற்றைச் சரிசெய்தாலே பாதி ஓதம் அடங்கிய வீடுகள் உண்டு. அடங்காவிட்டால், சுவரின் அடியில் வரிசையாகத் துளையிட்டு ஈரத்தைத் தடுக்கும் திரவத்தை ஊட்டும் முறை இருக்கிறது. அதை ஒரு பொறியாளர் நேரில் பார்த்துச் சொன்ன பிறகே செய்யுங்கள்.

பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீரால் கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் சுவர் நன்றாகக் காய்வது தை, மாசியில்தான். அப்போது ஈரம் ஏறி நின்ற ஓதக் கோட்டுக்கு ஓர் அடி மேல் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசி, குறைந்தது 28 நாள் விட்டு, சிமெண்டின் காரத்தைத் தாங்கும் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடித்த பிறகே தூரிகையைத் தொடுங்கள். உதிராத மயிலைத் தொட வேண்டாம். கீழே தாமரையை மட்டும் மறுபடி வரைந்து இணைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் சிமெண்ட் பூச்சுக்குச் சொன்னவை. உங்கள் வீடு பழைய சுண்ணாம்புக் காரை வீடாக இருந்தால் கணக்கே வேறு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பத்மநாபபுரம் பற்றிய உங்கள் கேள்விக்கு விடையும் இங்கேதான் இருக்கிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கவும் விடவும் வல்லது. கேரள மரபுச் சுவரோவியம் உலர்ந்த சுண்ணாம்புத் தளத்தின் மேல், காவி, மஞ்சள் காவி போன்ற மண் நிறங்களையும் விளக்குக் கரியையும் வேப்பம் பிசினில் குழைத்துத் தீட்டப்படுவது. அங்கே சுவரை மூடும் பிளாஸ்டிக் தோல் கிடையாது. அரண்மனை ஓவியங்கள் இருப்பதோ உப்பரிகை மாளிகையின் மேல்தளத்தில், தரையின் ஓதம் எட்டாத உயரத்தில். ஆகவே சுண்ணாம்புச் சுவரைச் சிமெண்டால் ஒட்டுப்போடாதீர்கள், பட்டி பார்க்காதீர்கள், எமல்ஷன் பெயிண்ட் அடிக்காதீர்கள். பழுதைச் சுண்ணாம்பாலேயே சரிசெய்து, சுண்ணாம்பைத் தாங்கும் மண் நிறங்களிலேயே வரையுங்கள். பிரஷ்யன் நீலம் போன்ற சில நிறங்கள் சுண்ணாம்பின் காரத்தில் கெட்டுவிடும். நகத்தால் கீறினால் வெண்மையாக, மென்மையாகத் தூள் கொட்டுவது சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் கடினமாக நின்றால் சிமெண்ட். ஐயம் இருந்தால் வயதான கொத்தனார் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.

தை வரை கை சும்மா இருக்க வேண்டாம் என்றால், நீர் தாங்கும் பிளைவுட் பலகையின் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு எல்லாவற்றுக்கும் பிரைமர் அடித்து அதில் வரையுங்கள். மாட்டும்போது நான்கு மூலையிலும் சிறு மரக்கட்டை வைத்துச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி, மூன்றரை அடிக்கு மேலேயே மாட்டுங்கள்.