கேளுங்கள், சொல்கிறேன்: சோறு இறங்காத நாள்

கேள்வி: எம்.பி.ஏ. முடித்துவிட்டேன். சமூகத் தொழில்முனைவில், அதாவது சமுதாயக் குறை ஒன்றைத் தீர்க்கவே ஒரு தொழில் நடத்துவதில், இறங்க ஆசை. "பைத்தியமா பிடிச்சிருக்கு? பேங்க் பரீட்சை எழுது" என்கிறார் அப்பா. இப்படிப் போகிறவர்களை எதுதான் இழுக்கிறது? இரக்கமா, பேர் வாங்கும் ஆசையா?
(வாசகி, அம்பாசமுத்திரம்)

பதில்: அப்பாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. நானும் பேங்கில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவன்தான். கடன் கேட்டு வருகிறவர்களிடம் "எதுக்கு இந்தத் தொழில்?" என்று கேட்பது என் வேலை. "சமுதாயத்துக்கு ஏதாவது செய்யணும் சார்" என்றவர்களின் ஃபைல் பெரும்பாலும் ஆறு மாசத்தில் தூங்கிவிடும். இன்ன நாள், இன்ன வீட்டில், இன்னது நடந்தது என்று ஆரம்பிக்கிறவர்களைக் கண்டால் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பேன்.

பத்தமடையிலிருந்து ஒரு பெண் வந்தாள். உம்மா பாய் நெய்கிறவர். கோரையைக் கிழித்து, ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, மறுபடி சன்னமாகக் கீறி, நூல் பாவில் ஊடையாகக் கோத்து... மெல்லிய பட்டுப்பாய் ஒன்று தறியை விட்டு இறங்க வாரக்கணக்காகும். ஏதோ ஒரு கண்காட்சிக்குப் போனவள், உம்மா நெய்த பாயையே அங்கே ஒரு கடையில் பார்த்திருக்கிறாள். ஓரத்தில் உம்மா போடும் முடிச்சு மகளுக்குத் தெரியாதா? விலைச்சீட்டைத் திருப்பினால், வீட்டுக்கு வந்த காசைப் போல ஐந்து மடங்கு. "அன்னைக்குச் சோறு இறங்கல சார்" என்றாள். நெய்கிறவர்களே சேர்ந்து நேரடியாக விற்பதற்குத்தான் கடன் கேட்டாள். இதில் இரக்கத்தை எங்கே தேடுவது? எனக்குத் தெரிந்ததெல்லாம் ரோஷம்.

(முதல் தடவை அந்த மனுவைத் திருப்பி அனுப்பியவனும் நான்தான். ஜாமீனுக்கு ஆள் இல்லை என்றேன். பத்தே நாளில் தெருப் பெண்கள் எட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். அப்புறம் எங்கே மறுப்பது?)

நம் பக்கத்து ஆய்க்குடியைப் பாருங்கள். பொறியியல் மாணவராக இருந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981இல் அவர் தொடங்கியதுதான் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கம். 'அமர்' என்பது அவருக்குச் சிகிச்சை தந்த ராணுவ மருத்துவரின் பேரிலிருந்து எடுத்தது. பட்ட கடனைத் தீர்ப்பதும் ஒரு தூண்டுதல்தான்.

பேர் ஆசையா? இருந்துவிட்டுப் போகட்டும். பேருக்காக வந்தவர் கணக்கை ஒழுங்காக வைத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. உருகி உருகிப் பேசிவிட்டு, வரவு செலவு நோட்டு கேட்டால் முழிப்பவரிடம்தான் எனக்குப் பயம்.

உங்களுக்குச் சோறு இறங்காத நாள் எது? யோசித்துச் சொல்லுங்கள். அதுவரை அந்தப் பேங்க் பரீட்சைக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள்.

கேள்வி: ஏழைகளுக்கான வேலையில் லாபம் பார்ப்பது பாவமில்லையா?
(வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் பிறந்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி. பிரசவ மருத்துவராக விரும்பினார். முடக்குவாதம் விரல்களைக் கோணலாக்கிவிட, கண் மருத்துவத்துக்கு வந்து, அந்த விரல்களாலேயே புரை எடுக்கப் பழகினார். அரசு வேலையில் ஓய்வு பெற்றதும் 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். கட்ட முடிந்தவர் கட்டுகிற காசில் முடியாதவருக்கும் ஆபரேஷன். புரை எடுத்தபின் கண்ணுக்குள் வைக்கும் வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்று 1992இல் லென்ஸ் செய்யும் தொழிற்சாலையே தொடங்கிவிட்டார்கள். உபரி வராமல் இதெல்லாம் எப்படி ஓடும்?

திருநெல்வேலிக் கிளையில்தான் என் மாமியாருக்குப் பணம் கட்டிப் புரை எடுத்தோம். "காசு கட்டாதவங்களுக்கும் இதே டாக்டர்மார்தானா?" என்று கேட்டார். "ஆமா அத்தை, நாம கட்டினதுல அவங்களுக்கும் பங்கு இருக்கு" என்றேன். "அப்போ சரி" என்று ரசீதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.