கடற்கரை வீட்டில் மார்பிள் நிற்குமா?

கேள்வி: மண்டபம் பக்கம், கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் வீடு கட்டுகிறோம். தரைத்தளம் மட்டும்தான். ஹாலுக்கு வெள்ளை மார்பிள் போட ஆசை. கொத்தனாரோ, "உப்புக் காத்துக்கு மார்பிள் நிக்காது, டைல்ஸ் போட்டுருங்க" என்கிறார். சமையல் மேடைக்குக் கடப்பா போதுமா, கிரானைட்தான் வேண்டுமா?

பதில்: கொத்தனார் பயப்படுவது சரி, சொல்லும் காரணம்தான் தப்பு. உப்புக் காற்று உங்கள் ஜன்னல் கம்பியைத் தின்னும். வீட்டுக்குள் கிடக்கும் மார்பிளை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. கல்லுக்கு வினை கீழேயிருந்து வருகிறது.

உங்கள் பக்கம் மணல் பூமி, நிலத்தடி நீரும் பல இடங்களில் உவர்ப்பு. அந்த ஈரம் அஸ்திவாரத்திலும் தரைக் கான்கிரீட்டிலும் ஊறி மேலேறும். கல்லின் மேற்பரப்புக்கு வந்ததும் தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். கல்லின் நுண்துளைகளுக்குள் அது படிகமாக வளர்ந்து உள்ளிருந்தே நெம்பும். முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு பாலிஷ் மங்கும், கடைசியில் தோல் உரிவதுபோல் சில்லு சில்லாகப் பெயரும். பழைய வீடுகளில் சுவரின் அடிப்பக்கம் பூச்சு பொரிந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான்.

தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவர் 1964 புயலுக்குப் பிறகும் நிற்கிறதே என்று கேட்பீர்கள். அது பவளக்கல், கடலிலேயே பிறந்தது. இன்று அதை எடுக்கச் சட்டமும் விடாது.

"சீலர் அடிச்சா போதும்" என்று கடையில் சொல்வார்கள். கல்லின் மேல் பூசும் இந்தச் சீலர், மேலிருந்து சிந்தும் மஞ்சளையும் எண்ணெயையும் தடுக்கும். கீழிருந்து ஏறும் உப்பை அது தடுக்காது. சில சமயம் கேடும் செய்யும்: வெளியே வர வழியில்லாத உப்பு மேல்தோலுக்கு அடியிலேயே சேர்ந்து அதைப் பெயர்த்துவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் நானே ஒரு வீட்டில் இந்தத் தப்பைச் செய்து, ஹால் முழுக்கக் கல்லை மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே கல் கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனை. தரைக் கான்கிரீட் நன்றாகக் காய்ந்ததும், ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் தாளை விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். ஒரு பகல், ஒரு இரவு கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. கோடையில் செய்தால் ஏமாற்றும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்த கையோடு செய்யுங்கள்.

இன்னும் தரைக் கான்கிரீட்டே போடவில்லை என்றால் அதிர்ஷ்டசாலி நீங்கள். அடியில் 250 மைக்ரான் பாலித்தீன் தாளை, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். கலவைத் தண்ணீரையும் கவனிக்க வேண்டும். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் உப்பில் இருக்கும் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐஎஸ் 456. கல் பதிக்கும் கலவைக்கும் நான் அதையே பிடித்துக்கொள்வேன். போர் தண்ணீர் கரித்தால் லாரித் தண்ணீர் வாங்குங்கள். கடல் மணல் வீட்டுப் பக்கமே வரக்கூடாது.

சரி, தரை காய்ந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மார்பிள் உங்களுக்கு ஒத்துவருமா என்பது உங்கள் காலைப் பொறுத்தது! கடற்கரை மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அது 7, மார்பிள் 3 அல்லது 4. பிள்ளைகள் காலோடு கொண்டுவரும் மணல், நடக்கும் பாதையில் பாலிஷைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். வாசலில் கால் கழுவும் பழக்கம் இருந்தால் போடுங்கள். கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை என்ற மனசும் வேண்டும். பளபளப்பு மாறவே கூடாது என்றால் கிரானைட், இல்லை கொத்தனார் சொன்ன டைல்ஸ். தரையில் ஈரம் இருந்தால் மார்பிள் வேண்டவே வேண்டாம்.

சமையல் மேடைக்கு யோசிக்கவே வேண்டாம், கிரானைட். கடப்பாவும் மார்பிளைப் போலச் சுண்ணாம்புச் சத்துள்ள கல்தான். மீன் குழம்புக்குக் கரைத்த புளி சிந்தினால், எலுமிச்சை பிழிந்தால், அந்த இடம் வெளுத்துத் தடம் விழும். மேடைக்கு அடியில் தட்டு வைக்கக் கடப்பா தாராளம். கறுப்பு கிரானைட் வாங்கும்போது வெள்ளைத் துணியில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் அது சாயம் ஏற்றிய கல். அப்புறம், வாசல்படிக்கும் குளியலறைக்கும் பாலிஷ் போட்ட கல் வழுக்கும். சொரசொரப்பான ஃபினிஷ் கேளுங்கள்.

எந்தக் கல்லானாலும் கடையில் ஒரு உடைந்த துண்டு கேட்டு வாங்கி, இப்போது இருக்கும் வீட்டின் சமையலறையில் ஒரு வாரம் போட்டுவையுங்கள். புளி, மஞ்சள், எண்ணெய் எல்லாம் அதன்மேல் சிந்தட்டும். கழுவிய பிறகும் தடம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.