‘முதலில் நாமே விசாரிப்போம்’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்ற வாரம் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி மாலை விளையாட்டுப் பயிற்சிக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடித்தாள். காரணம் கேட்டபோது நெடுநேரம் பேசாமல் நின்றாள். பிறகு, பயிற்சி கொடுக்க வெளியிலிருந்து வரும் ஆள் தன்னைத் தொடும் விதத்தைச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

தலைமையாசிரியரிடம் உடனே சொன்னேன். “முதலில் நாமே விசாரிப்போம் டீச்சர், ஆதாரமில்லாமல் ஒருவருடைய பிழைப்பைக் கெடுக்கக் கூடாது” என்றார். அவர் கெட்டவரல்லர், பள்ளியின் பெயருக்கு அஞ்சுகிறார். சிறுமியின் அம்மா பின்னலாடை நிறுவனத்தில் வேலை செய்கிறார். அவரை அழைத்துச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “போலீஸ் ஸ்டேஷன் எல்லாம் வேண்டாம் டீச்சர். அந்த ஆளை வரவிடாமல் செய்தால் போதும். இவளுடைய அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பையே நிறுத்திவிடுவார்” என்றார்.

புகார் செய்தே ஆக வேண்டும் என்று பயிற்சி வகுப்பில் கேட்டிருக்கிறேன். ஆனால் பெற்ற தாயே வேண்டாம் என்கிறபோது அதை மீற எனக்கு என்ன உரிமை இருக்கிறது? மீறினால் அந்தக் குடும்பத்துக்கு நேரப்போவதற்கு யார் பொறுப்பு?

ஓர் ஆசிரியை

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனிமடலில் சுருக்கமாக எழுதியிருந்தேன்: என் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம், குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ அழையுங்கள் என்று. அழைத்துவிட்டதாக மறுநாள் நீங்கள் எழுதியதால்தான் இந்த விரிவான பதிலைப் பொதுவில் வைக்கிறேன். கடிதத்தில் அந்தச் சிறுமியின் பெயரும் ஊரும் இருந்தன. அவற்றை நீக்கியதோடு வேறு சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். பெயர், முகவரி, பள்ளி என்று குழந்தையைக் காட்டிக்கொடுக்கும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காப்பதற்கான போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு. ஆனால் நான் கண்டவரை, இப்படிப்பட்ட செய்தி முதலில் கசிவது ஊடகத்திலிருந்து அல்ல, ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்துதான். சக ஆசிரியர்களிடம் ஆறுதலுக்காகக்கூட அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள்.

சட்டத்தைப் பற்றிய உங்கள் ஐயத்துக்கு விடை எளிது. 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, பதினெட்டு வயது நிரம்பாத ஒருவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும், எவராயினும் அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஆதாரம் திரட்டுவது அவர் வேலையன்று. தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. தனக்குக் கீழே பணியாற்றுபவர் செய்த குற்றத்தை நிறுவனத்தின் பொறுப்பாளர் தெரிவிக்காமல் விட்டால் அது ஓராண்டு வரை நீளும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. தலைமையாசிரியரிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடியவில்லை என்பதே இதன் பொருள். 1098-இல் சொன்னதோடும் நின்றுவிட வேண்டாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுத்துமூலமாகத் தகவல் கொடுத்து, பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் தலைமையாசிரியர் கெட்டவரல்லர் என்கிறீர்கள். நம்புகிறேன். ‘முதலில் நாமே விசாரிப்போம்’ என்ற சொற்றொடரை நல்லவர்கள் வாயிலிருந்தே நானும் கேட்டிருக்கிறேன், அதனால் விளைந்ததையும் பார்த்திருக்கிறேன். போக்சோ சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியனாக இருந்தபோது, விடுதியில் தங்கிப் படித்த ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் விடுதியில் இரவில் நடப்பதை என்னிடம் சொன்னான். நான் மேலே சொன்னேன். அவர்களும் விசாரித்தார்கள். ஒரு மேசையைச் சுற்றி மூன்று பெரியவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்க, அவன் நின்றுகொண்டு சொன்னான். ஒருவர் திரும்பச் சொல்லச் சொன்னார். இன்னொருவர் தேதி கேட்டார். மூன்றாமவர், “நீ போன பரீட்சையில் காப்பியடித்து மாட்டியவன்தானே?” என்றார். மாலைக்குள் அவன், “நான் பொய் சொன்னேன் சார்” என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அடுத்த மாதம் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனான். அந்த மேசைக்கு அருகே நானும்தான் நின்றிருந்தேன். என் ஒப்பந்தம் ஜூன் மாதம் புதுப்பிக்கப்பட்டது.

பள்ளி தானே விசாரிக்கும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான். குழந்தை மூன்று நான்கு பேரிடம் திரும்பத் திரும்பச் சொல்ல நேர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறுகிறது. பின்னால் நீதிமன்றத்தில் அந்த மாற்றமே அவளுக்கு எதிரான வாதமாகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் முன்கூட்டியே செய்தி அறிந்து கைப்பேசியைத் துடைத்துவிடுகிறார் அல்லது குடும்பத்தாரைப் பார்க்க ஆள் அனுப்புகிறார். ஒருவருடைய பிழைப்பு கெடக் கூடாது என்ற கவலை நியாயமானதே. ஆனால் அதைக் காக்க வேண்டிய வழி முறையான புலன்விசாரணைதான். அதில் அவருக்கு வழக்கறிஞர் உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, மேல்முறையீடு உண்டு. தலைமையாசிரியர் அறையில் இருவருக்குமே எந்தப் பாதுகாப்பும் இல்லை.

மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூர் மாவட்டத்தில் பழங்குடி மாணவியர் விடுதி தொடர்பான வழக்கில், தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர் மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கி, தெரிந்தும் மறைப்பதே கடுமையான குற்றம் என்றது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத் தனியார் பள்ளியில் நடந்த போலி என்.சி.சி. முகாமில் மாணவியர் பாலியல் கொடுமைக்கு ஆளானது அம்பலமானபோது, முகாம் நடத்தியவரோடு பள்ளித் தரப்பினரும் கைது செய்யப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். வெளியிலிருந்து வருபவர் யார், எந்த அமைப்பு அனுப்பியது என்று ஒருவர் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். பள்ளிகள் உள்ளிட்ட நிறுவனங்கள் குழந்தைகளோடு பழகும் ஒவ்வொருவரின் பின்னணியையும் காவல்துறை வழியாகச் சரிபார்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டு போக்சோ விதிகள் சொல்கின்றன. வாரம் இருமுறை வந்துபோகும் பயிற்சியாளரை ‘நம்ம ஸ்டாஃப் இல்லையே’ என்று அந்தப் பட்டியலில் சேர்க்காமல் விடுவது எனக்குத் தெரிந்த பள்ளிகளின் வழக்கம்.

இனி அந்த அம்மாவுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தின் கனமான கேள்வி அதுதான்.

அவர் ‘வேண்டாம்’ என்றது அறியாமையால் அல்ல. காவல் நிலையத்தில் எவ்வளவு நேரம் உட்கார வைப்பார்கள், எத்தனை நாள் கூலி போகும், தெருவில் என்ன பேசுவார்கள், ‘நீ எங்கே போயிருந்தாய்?’ என்று கணவர் வீட்டார் யாரைக் கேட்பார்கள் என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டுச் சொன்ன பதில் அது. அவருடைய கணக்கில் பிழையில்லை; அதில் சேர வேண்டிய சில வரவுகளை யாரும் அவருக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அவற்றை நீங்கள் சொல்லலாம். குழந்தை காவல் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை அணியாமல் வந்து வாக்குமூலம் பதிவு செய்ய வேண்டும். அப்போது பெற்றோரோ அவள் நம்பும் ஒருவரோ உடனிருக்கலாம். மருத்துவப் பரிசோதனை தேவைப்பட்டால் பெண் மருத்துவரே செய்ய வேண்டும். காவல்துறை 24 மணி நேரத்துக்குள், மாவட்டந்தோறும் அரசு அமைத்திருக்கும் குழந்தைகள் நலக்குழுவுக்குத் தகவல் தர வேண்டும். புலன்விசாரணையிலும் வழக்கிலும் கூடவே வர ஓர் ஆதரவாளரை அந்தக் குழு நியமிக்கலாம். பயணம், உணவு போன்ற அவசரச் செலவுக்கு அந்தக் குழு பரிந்துரைத்தால் ஒரு வாரத்துக்குள் பணம் தரப்பட வேண்டும் என்று விதி இருக்கிறது. கூலி இழக்கும் அம்மாவுக்கு இது சிறிய செய்தியன்று. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவச வழக்கறிஞர் உண்டு. சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் அவள் கண்ணில் படாதபடி ஏற்பாடு செய்ய வேண்டியது சிறப்பு நீதிமன்றத்தின் பொறுப்பு.

இவையெல்லாம் தாமாக நடந்துவிடும் என்று அவருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வழக்குகள் இழுத்துக்கொண்டு போகின்றன. சீருடையோடு வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ‘ஆதரவாளர் வேண்டும்’ என்று குழந்தைகள் நலக்குழுவிடம் வாய்விட்டுக் கேட்கிற குடும்பத்துக்குத்தான் அவர் விரைவில் கிடைக்கிறார். அந்தக் கேள்வியைக் கேட்க அந்த அம்மாவுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

‘அந்த ஆளை வரவிடாமல் செய்தால் போதும்’ என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த ஆள் இங்கே வராவிட்டால் வேறு எங்கோ போவார். அங்கே இதை அறிந்தவர்கள் இருக்க மாட்டார்கள். ராஜஸ்தானில் ஆசிரியர் ஒருவர் மாணவியிடம் தவறாக நடந்ததாகத் தந்தை கொடுத்த புகார், பின்னர் அந்தத் தந்தையோடு ஏற்பட்ட சமரசத்தைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் ரத்தானது. அந்த வழக்குக்கு நேரடித் தொடர்பில்லாத ஊர்க்காரர்கள்தான் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். இத்தகைய குற்றம் இரு தரப்பாருக்கு இடையிலான தனிப்பட்ட விவகாரமல்ல என்று கூறி, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கை மீட்டது. ஆகவே தாயின் விருப்பத்தை மீற உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்பதைவிட, இந்த முடிவின் சுமையைச் சட்டம் அந்தத் தாயின் தலையிலிருந்து இறக்கி உங்கள் தலையில் வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே சரி. ‘நான் புகார் கொடுக்கவில்லை, டீச்சர்தான் கொடுத்தார், அவர் கொடுத்தே ஆக வேண்டுமாம்’ என்று அவர் உறவினரிடம் சொல்லிக்கொள்ளட்டும். அந்தப் பழியை நீங்கள் ஏற்றுக்கொள்வதே அவருக்குச் செய்யக்கூடிய முதல் உதவி.

பள்ளியைப் பற்றிக் கொஞ்சம். மாணவர் பாதுகாப்புக்கான ஆலோசனைக் குழு உங்கள் பள்ளியிலும் காகிதத்தில் இருக்கும். ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டியும் இருக்கும். அந்தப் பெட்டி எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு பள்ளியில் அது தலைமையாசிரியர் அறைக்கு நேர் எதிரே, அலுவலக உதவியாளரின் நாற்காலிக்கு மேலே இருந்தது. பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண்ணான 14417-உம் 1098-உம் சுவரில் இருந்தால் போதாது. அழைத்தால் மறுமுனையில் என்ன கேட்பார்கள் என்பதையும் வகுப்பில் சொல்லுங்கள். ‘நல்ல தொடுகை, கெட்ட தொடுகை’ பாடத்தின் மீது எனக்கு முழு நம்பிக்கையில்லை. எட்டு வயதுக் குழந்தையிடம் காவல் வேலையைக் கொடுத்துவிட்டு நாம் ஓய்ந்துவிடுகிறோம். ‘மாமா மடியில் உட்கார மாட்டேன்’ என்று அதே குழந்தை வீட்டில் சொன்னால், ‘மரியாதை தெரியாத பிள்ளை’ என்று அதட்டவும் செய்கிறோம். மத்திய அரசு 2007-இல் வெளியிட்ட ஆய்வு தமிழ்நாடு இடம்பெறாத 13 மாநிலங்களில் நடந்தது. பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கு மேல் ஆண்பிள்ளைகள் என்று அதில் கண்டது, பெற்றோர் கூட்டங்களில் நான் சொல்லும்போதெல்லாம் நம்பப்படாத செய்தி.

கடைசியாக, அவளுடைய அப்பா. இதை அவர் காவலர் வாயிலிருந்து முதலில் கேட்கக் கூடாது. அந்த அம்மா தனியாகச் சொல்லும்படியும் விட்டுவிடக் கூடாது. ஆதரவாளரோ குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பணியாளரோ உடனிருக்க, நீங்களும் போங்கள். ‘உங்கள் மகளுக்கு இப்படி நடந்துவிட்டது’ என்று தொடங்காமல், ‘உங்கள் மகள் தைரியமாக வந்து சொல்லிவிட்டாள்’ என்று தொடங்குங்கள். படிப்பை நிறுத்துவேன் என்று அவர் கொதித்தால் அன்றே வாதாட வேண்டாம். மறுநாள் அவள் வராவிட்டால் மாலையில் வீட்டுக்குப் போய்விடுங்கள். விளையாட்டுக் குழுவிலிருந்து அவள் பெயரை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறொருவர் பயிற்சி தரும் நாளில் அவளாக வர விரும்பினால், மைதானத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, திருத்த வேண்டிய விடைத்தாள்களோடு நீங்கள் உட்கார்ந்திருங்கள்.